புறப்படுவதா, நிலைத்திருப்பதா? ஹிஜ்ரத்தும் பிரிவினையும் தரும் படிப்பினை

சில ஆண்டுகளுக்கு முன் ஹதீஸ் வகுப்பில் ஹிஜ்ரத் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மக்கா வெற்றிக்குப் பின் ஹிஜ்ரத் இல்லை என்னும் கருத்தமைந்த நபிமொழியை விளக்கிவிட்டு, 'ஆகவே நாடு துறந்து செல்லும் கடமை அத்துடன் முடிந்தது' என்று கூறி அடுத்த பாடத்துக்குச் செல்ல முற்பட்டேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், தவ்பாவின் வாசல் அடைபடும் வரை ஹிஜ்ரத் முடிவதில்லை என்று அபூதாவூதில் வருகிறதே? அப்படியானால், சுதந்திரமாக வாழ விரும்புகிறவன் வேறு நாட்டுக்குப் போய்விட வேண்டுமா? அல்லது தன் மக்களைத் திரட்டித் தனி நாடு கேட்க வேண்டுமா? இரண்டும் இல்லையென்றால் இங்கிருந்து என்ன செய்வது?" என்று கேட்டார்.

அன்று நான் அளித்த விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. உண்மையில் எனக்கே நிறைவளிக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பின் அதே கேள்வியைப் பள்ளிவாசல் திண்ணைகளிலும் திருமண வீடுகளிலும் பலமுறை கேட்டுவிட்டேன். நூற்றாண்டு காலமாக நம் முன்னோர் இக்கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் எதிர்கொண்டுள்ளனர். அவர்களுடைய பட்டறிவை மார்க்கச் சட்டத்தின் ஒளியில் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் புவனகிரி வெள்ளாற்றங்கரையில் அமைந்தது. அதே ஆறு கடலில் கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கிருந்தும் நாகூரிலிருந்தும் காயலிலிருந்தும் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பள்ளிவாசல்களைக் கட்டினார்கள், தர்காக்களை எழுப்பினார்கள். இடம்பெயர்வது நமக்குப் புதிதன்று. ஆனால் அது பிழைப்புத் தேடிய பயணம். பிறந்த ஊரின் உறவை அறுத்துக்கொண்டு சென்ற பயணமன்று. சுதந்திரத்தைத் தேடி ஊரையே துறப்பது என்பது முற்றிலும் வேறு பொருள்.

மார்க்கச் சட்டத்தில் ஹிஜ்ரத்

மேற்கூறிய இரு நபிமொழிகளும் முரண்படுவன போலத் தோன்றினும், நம் இமாம்கள் அவற்றை இணக்கப்படுத்தியே விளக்கியுள்ளனர். மக்காவிலிருந்து மதீனாவுக்குச் செல்லும் தனிச்சிறப்பான கடமை ஹிஜ்ரி 8ஆம் ஆண்டோடு முடிவுற்றது. மார்க்கத்தைக் கடைப்பிடிக்க இயலாதபடி ஒடுக்கப்படும் இடத்திலிருந்து, வெளியேற ஆற்றல் உள்ளவர் வெளியேறும் கடமை என்றும் தொடர்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், சோதனைக்கு அஞ்சி மார்க்கத்தோடு ஓடிய காலம் கழிந்துவிட்டது என்றும், இறைநம்பிக்கையாளர் தாம் விரும்பும் இடத்தில் இறைவனை வணங்கலாம் என்றும் விளக்கியதை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரத் செய்யாதவர் அழிந்தார் என்று பிறர் சொல்லக் கேட்டுக் கலங்கி வந்த ஃபுதைக் (ரலி) அவர்களிடம், தொழுகையை நிலைநாட்டித் தீமையை விட்டு விலகி, தம் கூட்டத்தாரின் நிலத்தில் விரும்பிய இடத்தில் வாழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு ஹிப்பானின் தொகுப்பில் வருகிறது.

தமிழகக் கடற்கரை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும் பக்தாதின் காழியுமான இமாம் மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450) இன்னும் ஒருபடி மேலே சென்றார். பிறர் ஆளும் ஊரிலும் ஒருவர் தம் மார்க்கத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிக்க முடியுமாயின், அங்கிருந்து வெளியேறுவதைவிட அங்கேயே தங்குவது சிறந்தது என்பது அவர் கருத்து. ஹாஃபிழ் இப்னு ஹஜர் அதனைத் தம் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தாண்டிருக்கிறார்.

இதற்கு நேர்மாறான கருத்தும் நம் நூல்களில் உண்டு. அதனை மறைப்பது அறிவு நாணயமாகாது. ஃபாஸ் நகரத்து மாலிகீ அறிஞர் வன்ஷரீஸீ, ஸ்பெயினில் கிறித்தவர் கைப்பற்றிய பகுதிகளில் முஸ்லிம்கள் தங்கியிருக்கவே கூடாது என்று 1491இல் ஃபத்வா வழங்கினார். அந்த ஃபத்வா எழுந்த சூழல் சிந்திக்கத்தக்கது. அந்தலூஸிலிருந்து மொராக்கோவுக்கு ஹிஜ்ரத் செய்த சிலர், வந்த இடத்தில் பிழைப்பும் பாதுகாப்பும் இல்லை என்று மனம் கசந்து, திரும்பிப் போவதே மேல் என்று பேசத் தொடங்கினர். அவர்களைக் கண்டிக்கவே அது எழுதப்பட்டது. 1492இல் கிரனாதா வீழ்ந்தது. அதன் பின் அங்குத் தங்கியவர்கள் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். அவர்களின் வழித்தோன்றல்கள் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். எனவே வன்ஷரீஸீயின் அச்சம் பொய்யன்று. அதே வேளையில், புறப்பட்டுச் சென்றவர்களின் ஏமாற்றமும் பொய்யன்று. இந்த இரு உண்மைகளையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொண்டே நம் நாட்டு வரலாற்றை நோக்க வேண்டும்.

1920: காபூலுக்குப் போன வழி

1803இல் தில்லியின் ஷாஹ் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், ஆங்கிலேயரின் ஆணை செல்லும் நிலப்பகுதி தாருல் ஹர்பாகிவிட்டது என்று ஃபத்வா வழங்கினார்கள். ஆயினும் இந்திய முஸ்லிம்கள் கூட்டங்கூட்டமாக நாடு துறக்கவில்லை. ஃபத்வா ஏட்டிலும் மக்கள் ஊரிலுமாக ஒரு நூற்றாண்டு கழிந்தது. முதல் உலகப்போருக்குப் பின் துருக்கிக் கிலாஃபத்துக்கு நேர்ந்த அவமதிப்பு அந்தப் பழைய ஃபத்வாவுக்குப் புத்துயிர் அளித்தது.

1920 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் அமீர் அமானுல்லாஹ் கான், இந்தியாவிலிருந்து வரும் முஹாஜிர்களை வரவேற்பதாக அறிவித்தார். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் ஹிஜ்ரத்தை வலியுறுத்தி ஃபத்வா வெளியிட்டார். ஃபிரங்கி மஹல் மௌலானா அப்துல் பாரீயின் கருத்து அவ்வளவு கடுமையானதன்று. ஆனால் பரபரப்பின் நடுவே அந்த நுட்பத்தைக் கவனிப்பார் இல்லை. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்றோர் விலகி நின்றனர். சிந்து, பஞ்சாப், வடமேற்கு எல்லை மாகாணம் ஆகிய பகுதிகளில் குடியானவர்கள் நிலத்தையும் மாட்டையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பெஷாவரை நோக்கி நடந்தனர். 1920 ஜூலையில் பாரிஸ்டர் ஜான் முஹம்மது ஜுனேஜோவின் தலைமையில் லார்கானாவிலிருந்து சிறப்பு இரயில் ஒன்றே புறப்பட்டது. சில மாதங்களுக்குள் எல்லையைக் கடந்தவர்களின் தொகையை 18,000 என்று சிலரும், 30,000க்கும் மேல் என்று வேறு சிலரும் மதிப்பிடுகின்றனர்.

ஆப்கானிஸ்தான் ஓர் ஏழை நாடு. முந்திய ஆண்டில்தான் ஆங்கிலேயரோடு போரிட்டு ஓய்ந்திருந்தது. அமீரின் தூதர்கள் அப்போது முஸூரி மலையில் ஆங்கிலேயருடன் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. முஹாஜிர்களின் வருகை அவருக்கு ஒருவகையில் பேரம் பேச உதவியது. அளவு மிஞ்சியபோது பெருஞ்சுமையாயிற்று. 1920 ஆகஸ்டில் அமீர் மேற்கொண்டு எவரும் வரவேண்டாம் என்று நிறுத்தினார். வந்தவர்களுள் பெரும்பாலோர் திரும்பி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். ஊர் சேர்ந்தவர்களுக்கோ விற்ற நிலம் அயலார் கையில் இருந்தது. காபூலிலிருந்து மேலும் வடக்கே சென்ற ஷௌகத் உஸ்மானீ முதலிய இளைஞர்கள் சிலர் தாஷ்கந்தை அடைந்தனர். 1920 அக்டோபரில் அங்கே அமைந்த இந்தியக் கம்யூனிஸ்ட் குழுவில் ஹிஜ்ரத் சென்றவர்கள் இடம்பெற்றது வரலாற்றின் விந்தை.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் யாது? அவர்களிடம் நம்பிக்கைக் குறைவு இல்லை, தியாகத்துக்கும் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை அபிசீனியாவுக்கு அனுப்பியபோது, எவருக்கும் அநீதி இழைக்கப்படாத மன்னர் ஒருவர் அங்கு ஆள்கிறார் என்பதை முன்னரே அறிந்து அனுப்பினார்கள். மதீனாவுக்குப் புறப்படும் முன் அகபாவில் இருமுறை உடன்படிக்கை நடந்தது. தங்கள் மனைவி மக்களைக் காப்பது போல் காப்போம் என்று மதீனாவாசிகள் வாக்களித்த பிறகே தோழர்கள் மூட்டை கட்டினர். உடன்படிக்கை முதலாவது, பயணம் இரண்டாவது என்பதே நபிவழி ஹிஜ்ரத்தின் ஒழுங்கு. 1920இலோ பயணம் நடந்தது, உடன்படிக்கை இல்லை. ஓர் அரசரின் மேடைப் பேச்சைப் பைஅத் என்று மக்கள் நம்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு ஹிஜ்ரத் சென்று திரும்பியவர்களுள் கான் அப்துல் கஃப்பார் கானும் ஒருவர். திரும்பி வந்த அவர் 1921இல் தம் ஊரான உத்மன்சையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். 1929இல் குதாயீ கித்மத்கார் இயக்கம் அவரால் உருவாயிற்று. எல்லைக்கு அப்பால் கிடைக்காத விடுதலையை அவர் சொந்த ஊரில் கரும்பலகையிலிருந்து தொடங்கினார்.

தமிழகத்தின் நிலை வேறாக இருந்தது. அமீர் கதவை அடைத்த அதே 1920 ஆகஸ்டில் காந்தியாரும் மௌலானா ஷௌகத் அலீயும் சென்னை மாகாணத்தில் கிலாஃபத்துக்காகச் சுற்றுப்பயணம் செய்தனர். இங்கே கிலாஃபத் உணர்ச்சி கூட்டமாகவும் நிதியாகவும் ஒத்துழையாமையாகவும் வெளிப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1919இல், வாணியம்பாடி முஸ்லிம்கள் இஸ்லாமியா கல்லூரியை நிறுவியிருந்தார்கள்.

1947: கேட்டவர்களும் பெறாதவர்களும்

இருபது ஆண்டுகள் கழித்துக் கேள்வி வேறு உருவெடுத்தது. இம்முறை நாட்டை விட்டுப் போவதோடு நில்லாமல் நாட்டையே பிரிப்பது குறித்துப் பேசப்பட்டது. 1940 மார்ச்சில் லாஹூர் தீர்மானம் நிறைவேறியது. 1941 ஏப்ரலில் அகில இந்திய முஸ்லிம் லீகின் மாநாடு சென்னையிலேயே ஜின்னாஹ்வின் தலைமையில் கூடியது. திராவிட நாடு கேட்ட பெரியாரின் அணியும் லீகும் அக்காலத்தில் ஒன்றையொன்று ஆதரவாகப் பார்த்தன. ஆயினும், தாம் முஸ்லிம்களுக்காக மட்டுமே பேச முடியும், திராவிடர்க்குரியதைத் திராவிடரே பெற வேண்டும் என்னும் கருத்தில் ஜின்னாஹ் 1944இல் பெரியாருக்கு மடல் எழுதினார்.

1946 தேர்தலில் சென்னை மாகாணத்தின் முஸ்லிம் தொகுதிகளில் லீக் பெருவெற்றி பெற்றது. அப்போது வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே இருந்தது என்பது உண்மை. எனினும் இங்கிருந்தோர் பாகிஸ்தான் கோரிக்கைக்குக் கணிசமான ஆதரவளித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 விழுக்காடே இருந்த இவர்களின் வீதிகளில் ஒன்றேனும் புதிய நாட்டில் சேரப்போவதில்லை என்பது வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் விளங்கியிருக்கும். கேட்டவர்களுள் ஒரு சாராருக்கு நாடு கிடைத்தது. மற்றவர்களுக்குக் கேட்ட பழி மட்டும் மிஞ்சியது.

1947 அக்டோபரில் தில்லி ஜும்ஆ பள்ளிவாசலில், மூட்டை முடிச்சுகளுடன் புறப்படத் துணிந்திருந்த மக்களிடம், போகவேண்டாம் என்று உருக்கமாக உரையாற்றியவர் யார்? 1920இல் ஹிஜ்ரத் ஃபத்வா கொடுத்த அதே மௌலானா ஆஸாத். இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நிகழ்வுகளிலிருந்து கற்றுக்கொண்டு தம் கருத்தை மாற்றும் துணிவு ஓர் ஆலிமுக்கு அழகே அன்றிக் குறையாகாது என்பது என் எண்ணம்.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீகின் பேரவை, கட்சியை இரு நாடுகளுக்கும் இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராகத் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் நியமிக்கப்பட்டார். அதே மாத இறுதியில் லக்னோவில் ஆஸாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்கள் தனிக் கட்சி அரசியலைக் கைவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. வடநாட்டில் லீகின் தலைவர்கள் பலர் எல்லை கடந்துவிட்டார்கள். இத்தகைய இருளில், 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடியவர்கள் கட்சியைக் கலைக்க மறுத்து, இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினர். காயிதே மில்லத் என்று நாம் அழைக்கும் அப்பெரியார் அதன் தலைவரானார்.

அரசியல் நிர்ணய சபையில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தோல்விகளே. எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி வற்புறுத்தப்படலாகாது என்று 1948 நவம்பரில் அவர் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. தனித்தொகுதி முறை வேண்டும் என்ற கோரிக்கையும் 1949 மே மாதத்தில் தள்ளப்பட்டது. அந்தக் கோரிக்கை சரியானதா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் சுட்ட விரும்புவது வேறொன்றை. தோற்றவர் சபையை விட்டு வெளியேறவில்லை; நாட்டை விட்டும் வெளியேறவில்லை. வாக்கெடுப்பில் தோற்றபின் மறுநாளும் அதே இருக்கையில் வந்தமர்ந்தார். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலையாள நாட்டு மஞ்சேரித் தொகுதி மக்கள் தமிழரான அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அச்சபை தந்த அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை உறுதி செய்தது. நம்மவர் அதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்தன. 1955இல் அதிராம்பட்டினத்திலும் 1956இல் உத்தமபாளையத்திலும் கல்லூரிகள் தோன்றின. பிரிவினை நடந்து பத்து ஆண்டுகள் முடிவதற்குள், 'இவர்கள் இங்கே இருப்பார்களா' என்று பிறர் ஐயுற்றுக்கொண்டிருந்த காலத்தில், இருப்போம் என்பதற்குச் செங்கல்லால் எழுதிய விடைகள் இவை.

புறப்பட்டுச் சென்றோர் நிலையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பீஹாரிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்ற உர்தூ பேசும் முஸ்லிம்களின் கதை அதற்குப் போதும். 1971இல் அந்நாடு மீண்டும் பிளந்து வங்கதேசமானபோது அவர்கள் இரு நாடுகளுக்கும் அயலாராயினர். டாக்காவின் முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தபின், 2008இல்தான் வங்கதேச உயர்நீதிமன்றம் அவர்களின் குடியுரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. வங்காளிகள் பிரிந்ததற்கு நியாயம் இருந்தது. தேர்தலில் வென்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்து அவர்கள் மீது இராணுவத்தை ஏவினார்கள். ஆனால் நியாயமான பிரிவினையும் தன் எல்லைக்குள் ஒரு கூட்டத்தாரை நாடற்றவர்களாக்கியது என்பதும் உண்மை.

திராவிட நாடும் சிதம்பரத்து மாணவரும்

தமிழ்நாட்டில் பிரிவினைக் கேள்வியை முஸ்லிம்கள் மட்டும் கேட்கவில்லை. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா தம் முதல் உரையிலேயே திராவிடர்க்குத் தன்னாட்சி உரிமை கோரினார். அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. கோரிக்கையை அவர் நிறுத்தி வைத்தார். 1963இல் நிறைவேறிய பதினாறாவது திருத்தம், தேர்தலில் நிற்போர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி ஏற்கவேண்டும் என விதித்தது. திராவிட முன்னேற்றக் கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதை அண்ணா மறைக்கவில்லை.

காரணங்கள் இருந்தன என்பதற்கு எங்கள் சிதம்பரமே சான்று. 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவலர் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அவர் தனி நாடு கேட்டு இறக்கவில்லை. தம் மொழிக்காக இறந்தார். 1967 தேர்தலில் ஆட்சி மாறியது. அந்தக் கூட்டணியில் காயிதே மில்லத்தின் லீகும் இடம்பெற்றிருந்தது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை தீர்மானமாயிற்று. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. பிரிந்து சென்று பெற நினைத்தவற்றுள் ஒரு பகுதியை, பிரியாமல் வாக்குச்சீட்டாலும் சிறைவாசத்தாலும் உயிராலும் பெற்றார்கள். முழுவதும் கிடைக்கவில்லை, மாநில உரிமைக்கான வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. ஆயினும் 1963இல் பிடிவாதமாக எல்லைக்கோடு கேட்டிருந்தால் யார் யார் குருதி சிந்தியிருப்பர் என்பதை அண்டை நாடு நமக்குக் காட்டியது.

யாழ்ப்பாணம், 1990

இலங்கைத் தமிழர் பட்ட அநீதி சிறிதன்று. 1956இன் சிங்கள மொழிச் சட்டமும் 1983இன் படுகொலையும் கற்பனைகளல்ல. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனி ஈழத் தீர்மானம் நிறைவேறியபோது தமிழ் பேசும் முஸ்லிம்களுள் சிலரும் அதன்பால் பரிவு கொண்டனர். மொழி ஒன்று; ஊர் ஒன்று; துயரமும் ஓரளவு ஒன்று.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கையிலிருந்த நகையையும் பணத்தையும் பறிகொடுத்து நடந்தவர்கள் புத்தளத்தின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். 2002 ஏப்ரலில் புலிகளின் தரப்பில் அதற்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இழந்த பன்னிரண்டு ஆண்டுகளை வருத்தத்தால் திருப்பித் தர இயலவில்லை.

தமக்கு விடுதலை கேட்டவர்களே தம்மினும் சிறிய கூட்டத்தாருக்கு இரண்டு மணி நேரம் கெடு விதித்தார்கள். விடுதலைக்காகத் தனிநிலம் கேட்கும் எவரும், அந்நிலத்தில் சிறுபான்மையாகப் போகிறவர்களுக்கு என்ன உறுதி அளிக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். மதீனாவின் சாசனம் இதைத்தான் செய்தது. புதிய ஊரில் கால் வைத்ததும் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர், அன்ஸார், யூதர் குலங்கள் ஆகிய அனைவரின் உரிமையையும் கடமையையும் பெயர் குறித்து எழுத்தில் வடித்தார்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இக்கேள்வி நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அரசின் தலையீட்டை வெறுக்கும் சிலர், இருபதாயிரம் பேர் ஒரே சிறு மாநிலத்தில் குடியேறினால் அதைத் தம் விருப்பப்படி ஆக்கலாம் என்று 2001இல் திட்டமிட்டனர். 2003இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தனர். வாக்களித்தோர் தொகை 2016இல் நிறைந்தது. உண்மையில் குடிபெயர்ந்தோர் அதில் ஒரு பகுதியினரே. 2022இல் அம்மாநிலம் நாட்டிலிருந்து பிரிய வழிசெய்யும் தீர்மானம் சட்டமன்றத்தில் வந்தபோது 323 பேர் எதிர்க்க, 13 பேரே ஆதரித்தனர். குடியேறியவர்களுள் சிலர் உறுப்பினராகிச் சட்டங்களைத் திருத்த முடிந்தது. நாட்டைப் பிரிக்க முடியவில்லை.

இவை அனைத்தையும் நோக்கும்போது, புறப்படுவதற்கும் பிரிவதற்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலாவது, போக முடியாதவர்களின் நிலை என்ன? ஹிஜ்ரத்தை வலியுறுத்தும் அந்நிஸா அத்தியாயத்தின் வசனங்களே, வழியறியாத பலவீனமான ஆண்கள், பெண்கள், சிறுவர் ஆகியோருக்கு விலக்களித்துள்ளன. செல்வமும் கடவுச்சீட்டும் உடையவர் போய்விட, எஞ்சியிருக்கும் ஏழைக்கு அவர்கள் விட்டுச் செல்வது முன்னைவிடப் பெரிய தனிமை. 1947இல் வடநாட்டு முஸ்லிம்கள் கண்டது இதையே.

இரண்டாவது, போகுமிடத்தில் உடன்படிக்கை உண்டா? 1920இன் குடியானவர்கள் இக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் ஃபத்வா கொடுத்தவர்கள்.

மூன்றாவது, அங்கே நம்மினும் சிறியவர் யார்? அவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

'அப்படியானால் எந்நிலையிலும் இங்கேயே கிடக்க வேண்டுமா?' என்று வினவலாம். இல்லை. கிரனாதாவின் மக்களுக்கு மாவர்தீயின் சொல்லை எடுத்துக்காட்டி இருங்கள் என்று கூறியிருந்தால் அது கொடுமையாகியிருக்கும். 2017இல் அரக்கானிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ரோஹிங்கியாக்களை எவரும் குறை சொல்ல முடியாது. தொழவும் பிள்ளைக்குக் கற்பிக்கவும் உயிர் வாழவும் வழியற்ற இடத்தை விட்டு வெளியேறுவது மார்க்கம் தந்த உரிமை, சிலவேளை கடமை. ஆனால் அத்தகைய நெருக்கடி வேறு. வருத்தமும் அவமதிப்பும் வேறு. இரண்டையும் பிரித்தறிவதே ஃபிக்ஹின் வேலை. இன்று இந்நாட்டில் அநீதி இல்லை என்று நான் கூறவில்லை. அநீதியை எதிர்த்து வழக்குத் தொடுக்கவும் வாக்களிக்கவும் பள்ளி நடத்தவும் எழுதவும் வாசல்கள் திறந்திருக்கும் வரை, அவற்றை நாமே சாத்திவிட்டு வெளியேறுவது முறையாகாது என்றே கூறுகிறேன். அவ்வாசல்கள் தாமாகத் திறந்திருப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தள்ளித் திறந்து பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. அதில் சலிப்பு ஏற்படுவதும் இயல்பே.

வகுப்பில் எழுந்த அந்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். இப்போது ஒரு சிற்றூரில் இமாமாகப் பணியாற்றுகிறார். மாலையில் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையும் சொல்லிக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். சென்ற ரமளானில் சந்தித்தபோது, "ஹஜ்ரத், அன்று நீங்கள் முழுவதும் விடை சொல்லவில்லை" என்று சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். "சொல்லவில்லைதான், எழுதித் தருகிறேன்" என்றேன். இது அந்தக் கடன்.

மக்கா வெற்றிக்குப் பின் ஹிஜ்ரத் இல்லை என்று கூறிய நபிமொழி அத்துடன் நின்றுவிடவில்லை. உழைப்பும் தூய எண்ணமும் எஞ்சியுள்ளன என்று தொடர்கிறது. அன்று வகுப்பில் அதன் முதற்பாதியை மட்டும் விளக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். மாணவர் கேட்டதற்கு விடை அதன் பிற்பாதியில் இருந்தது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.